நான்கு மூட்டைச் சக்கை

“ஐயோ மேடம், வாயில வெச்சிடாதீங்க! நம்ம காய்ச்சல் கஷாயத்த நாமளே குடிச்சா அந்தக் காய்ச்சல் நமக்கே வந்துடும்.”

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த விஜி பதறினாள். அத்திபெலேயின் அந்த மூலிகை மருந்து ஆலையில் எங்கும் எழுதி ஒட்டப்படாத விதி அது. மேலாளர் சந்திரசேகரன் முதல் வாயிற்காவலர் வரை ஒருவரும் மீறியதில்லை. ஸ்னேஹா சிரித்தபடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். விஜி அதன்மேல் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டுப் பெட்டியில் அடுக்கினாள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன ஸ்னேஹாவின் கவலை வேறு. வேம்பும் சீந்திலும் கொதித்தபின் எஞ்சும் சக்கையைக் காயவைத்து, காற்றுப் புகாத இரும்பு உலையில் சுட்டு, வயல் மண்ணுக்குப் பயன்படும் பயோசார் கரியாக்குவது அவள் பொறுப்பு. ஆலையில் பத்துக் கொப்பரைகள்; கொப்பரைக்கு ஒரு மூட்டைச் சக்கை வர வேண்டும். இப்போது நான்குதான் வருகிறது. மருந்து உற்பத்தியோ துளியும் குறையவில்லை.

“மீதி ஆறு மூட்டை எங்க போகுது?” என்று உலைக்காரர் இராஜமாணிக்கத்தை மறித்துக் கேட்டாள்.

“வந்தத நான் சுட்டேன் மேடம்.”

“சக்கை காயுற ஷெட்டோட சாவி உங்ககிட்டதான இருக்கு?”

“சாவி வெச்சிருந்தா திருடனா? நீலசந்திராலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன். கண்டக்டர் என்னை ஏத்தவே யோசிக்கிறான், ஆறு மூட்டையவா ஏத்துவான்?”

விஜி களுக்கென்று சிரித்தாள். ஸ்னேஹா சிரிக்கவில்லை. கொதித்த சக்கையைக் காயவைத்துப் புது மூலிகையென விற்கும் கும்பல் உண்டென்று சந்திரசேகரன் எச்சரித்திருந்தார். இதோ, கையில் தட்டச்சிட்ட புகாருடன் அவரே வந்துவிட்டார்.

“இன்னும் என்னம்மா விசாரணை? கையெழுத்துப் போடு. போலீஸ் கேட்டா தன்னால கக்குவான்.”

“பத்துக் கொப்பரைக்கும் மூலிகை சரியாப் போகுது இல்ல சார்?”

“அதுல என்ன டவுட்? நானே பக்கத்துல நின்னு கொட்ட வைக்கிறேன்.”

ஸ்னேஹா பேனாவைத் திறந்தாள். பதினெட்டு ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் கரியாகப் போவதை இராஜமாணிக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் பார்வை, விஜியின் பெட்டியில் மறுபடியும் வரிசை கட்டிய எறும்புகளின்மேல் பதிந்தது. நேரே போய் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

“யோவ், அதத் தொடாத!” சந்திரசேகரனின் குரல் கூடத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

“வேணாம்ணா!” என்று விஜி அலறினாள்.

எல்லார் கண்ணெதிரிலும் அவர் மடமடவென்று பாதி பாட்டிலைக் குடித்தார். முகம் துளியும் சுளிக்கவில்லை.

“கசக்கவே இல்ல மேடம், வெறும் வெல்லத் தண்ணி.” மீதியை ஸ்னேஹாவிடம் நீட்டினார். “ஆறு கொப்பரைல மூலிகையே போடலன்னா, ஆறு மூட்டைச் சக்கை எங்கேர்ந்து வரும்?”