எலாதியோவின் ஆயுசு

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நாற்காலியை விட்டு இறங்குங்க! வீடு பார்க்க வந்தவங்க முன்னாடி இப்படியா ஆடுவாங்க?"

வீட்டுத் தரகன் குஸ்தாவோ கெஞ்சினான். எலாதியோ இறங்குவதாக இல்லை. பெனிதோர்ம் கடற்கரை ஓட்டல் மேடைகளில் பாடியும் ஆடியுமே எண்பதை நெருங்கிவிட்ட மனுஷர். தலைக்கு அடித்திருந்த சாயத்தைக் கண்டால் காக்கைகூட வெட்கப்பட்டுப் பறந்துவிடும்.

"தினமும் காலையில எதிர்ல இருக்கற தீவு வரைக்கும் நீந்திட்டு வரேன்மா. மீனெல்லாம் ஒதுங்கி வழிவிடும்!" என்றார், கணவனோடு வீடு பார்க்க வந்திருந்த அம்பாரோவைப் பார்த்து. "எங்கப்பா நூறு தாண்டித்தான் போனார். தாத்தா அதுக்கும் மேல. அவரும் அத்திமரத்துலேருந்து விழுந்ததாலதான் செத்தார்!"

அம்பாரோ நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

வியாபாரம் இதுதான். எலாதியோ வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் குடியிருப்பார். அவர் கண்ணை மூடின பிறகுதான் வாங்கினவர் உள்ளே காலெடுத்து வைக்கலாம். அதனால் கிழவர் இருமினால் விலை ஏறும், குதித்தால் இறங்கும்.

"அவர் சும்மா சொல்றாரும்மா," குஸ்தாவோ அவள் காதருகே குனிந்தான். "போன வாரம் படியேறும்போது மூச்சு வாங்கிச்சு. நானே பார்த்தேன்."

"அதுவா? மேல்வீட்டு டச்சுக்காரியோட விடிய விடிய ஆடினதுல வாங்கின மூச்சுடா!"

"இப்படிப் பேசிப் பேசியே மூணு வெளிநாட்டுக்காரங்களை ஓட்டிட்டீங்க! முப்பது வருஷம் யார் காத்திருப்பாங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க. விலை பாதாளத்துக்குப் போயிடுச்சு."

"போகட்டும். என்னைக் கிழவன்னு எழுதி வித்தா, உன் கழுத்தைத் திருகிடுவேன்."

இந்தக் கர்வத்தால்தான் விலை இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அம்பாரோவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன? அவள் கணவன் ஹினெஸ் கடற்கரை உணவகத்தில் சோறு சமைக்கிறவன். அவள் ஓட்டலில் படுக்கை விரிக்கிறவள். வருஷா வருஷம் செப்டம்பரில் வாடகைக்குக் குடிபுகுவார்கள். ஜூனில் சான் ஹுவான் திருவிழாவுக்குத் தீ மூட்டுவதற்குள் வீட்டைக் கோடைக்காரர்களுக்குக் காலி செய்துவிட்டு, பைன் மரத்தடியில் பழைய வேனில் படுப்பார்கள். செப்டம்பரில் அதே வீட்டுக்குத் திரும்புவார்கள். இந்த வருஷம் அந்த வீட்டைப் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். இனித் திரும்ப இடமில்லை.

அவள் கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஹினெஸ், இந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் புதைச்சுட்டு, நம்ம புள்ளை கல்யாணத்துல வந்து பாடுவான்!"

"நம்ம கைக்கு எட்டற விலையில வேற எந்த வீடு இருக்கு, சொல்லு? என்னைக்காவது ஒருநாள் நம்மளோடது ஆகும்."

"என்னைக்கு? என் பல்லெல்லாம் கொட்டின பிறகா? சொந்த வீடு வச்சுக்கிட்டு வேன்ல புள்ளை பெத்துக்கப் போறேன். இப்படி ஒருத்தி உலகத்துலயே நான் மட்டும்தான் இருப்பேன்!"

ஹினெஸ் குழாயை ஒருமுறை திறந்து மூடினான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் எலாதியோ ஒரு பாட்டை எடுத்தார். கடைசி வரியை இழுத்தார் பாருங்கள், அலமாரிக் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன, கடலில் போன படகுகூட நின்று கேட்டிருக்கும்.

"போதுமா? தண்டால் எடுத்துக் காட்டட்டுமா?"

"வேண்டாம் ஐயா! இதுக்கு மேல குறைச்சா எங்க வீட்டு நாய்கூட வாங்கிடும்!" என்று அலறினான் குஸ்தாவோ.

"அதையும் கூட்டிட்டு வா. குளிர்காலத்துல இந்த அடுக்குமாடி முழுக்க என் ஜன்னல் ஒண்ணுலதான் விளக்கு எரியுது. குரைக்கவாவது ஒரு ஜீவன் இருக்கட்டும்."

மறுவாரம் நோட்டரியிடம் போனார்கள். அவர் வழக்கப்படி பத்திரத்தை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பெரியவரே, உடம்பு நல்லா இருக்குல்ல? விலை ரொம்பக் குறைவா இருக்கே, அதான் கேக்கறேன்."

"காளை மாதிரி இருக்கேன்! வேணும்னா உங்களைத் தூக்கிக் காட்டவா?"

குஸ்தாவோ தலையில் கை வைத்துக்கொண்டான். அம்பாரோ தனக்குத்தானே ஆயுள் தண்டனை எழுதிக்கொள்வதுபோல் கையெழுத்துப் போட்டாள். அழக்கூடத் தெம்பில்லை.

வெளியே வந்ததும் குஸ்தாவோ மதியச் சாப்பாட்டுக்குப் பறந்துவிட்டான். அவன் தெருமுனை திரும்பும்வரை எலாதியோ கையசைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஹினெஸின் தோளைப் பற்றினார். ஒரே ஒரு படி இறங்குவதற்குள் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"ஐயா! என்ன பண்ணுது?" அம்பாரோ பதறினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நாளைக்கே குடி வந்துடுங்கம்மா. நான் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன், இனி திரும்பி வர மாட்டேன். டாக்டர் வசந்தத்துலயே எனக்குக் கெடு சொல்லிட்டார்; அதை அந்தக் குஸ்தாவோ காதுல போட்டிருந்தா, இந்த விலைக்கு உங்களுக்குக் கொடுத்திருப்பானா?"