பல் முளைத்த வரி

செயலாளர் குற்றங்களை வரிசை மாறாமல் அடுக்கினார்.

"முதல் குற்றம். அச்சடிக்கிற பகுதியை யாரையும் கேட்காமல் மாற்றினார். ஒரு காலைப்பொழுது முழுக்க எல்லா மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டு கோணலாக வந்தது.

"இரண்டாவது. புதுப் பதிப்பு வெளியிட வேண்டிய அன்றைக்கு, ஏதோ வெளியார் நிரல்துண்டு பழசாகிவிட்டது என்று சொல்லி வெளியீட்டையே நிறுத்தினார்.

"மூன்றாவது. நான் எழுதிய நிரலைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டார். நான் எழுதியதை!

"நான்காவது உங்களுக்கே தெரியும். போன வாரம் திருடர்கள் நம் மென்பொருள் வழியாகப் புகுந்து, ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளைப் பணம் பறிக்க மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள்."

குற்றம் சாட்டப்பட்டவள் எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். குழுவில் அவளுக்கு 'ரம்பம்' என்று பெயர்.

சிறு மருத்துவமனைகளுக்கு இலவசமாக மென்பொருள் செய்து கொடுக்கும் குழு அது. எல்லாவற்றையும் தாங்களே எழுத முடியுமா? யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த துண்டுகளையும் எடுத்து உள்ளே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எழுதியவர் தன் துண்டில் ஓட்டை கண்டு அடைத்தால், இங்கிருக்கும் நகலையும் உடனே மாற்ற வேண்டும். ஓட்டை எங்கே என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். திருடனுக்கும்தான்.

"பழசாயிடுச்சு, மாத்தணும்" என்று நச்சரிப்பது ரம்பத்தின் வேலை. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

"வெளியார் துண்டுகளுக்கு இவர்தான் பொறுப்பு. தூங்கிவிட்டார்!" செயலாளரின் குரல் உயர்ந்தது. "இவரை நீக்குகிறோம். குற்றவாளியின் பெயரை எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கணும். இனி ஒரு குழுவும் இவரைச் சேர்க்கக் கூடாது."

குறிப்புகளைப் பறிகொடுத்த மருத்துவமனையின் நர்ஸ் சாட்சியாக வந்திருந்தார்.

"யார் பேரை வேணா வாசிங்க. வார்டுல யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டுத் திரியறேன். பேச்சே வராத பெரியவர்கிட்ட நான் என்னத்தக் கேட்கிறது?"

ரம்பம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, திருடன் நான் பார்த்துக்கிற துண்டு வழியா வரல. அது எல்லாம் புதுசு. எக்ஸ்ரே படம் மாதிரி ஒண்ணை அனுப்பி, படம் திறக்கிற பகுதி வழியா வந்திருக்கான்."

"அது செயலாளர் எழுதினதாச்சே!" என்றார் முன்வரிசை மருந்துக்கடைக்காரர்.

"நான் எழுதினதேதான்!" செயலாளர் மேசையைக் குத்தினார். "ஒவ்வொரு வரியும் என் வேர்வை. எனக்குப் பெண்டாட்டி உண்டா? பிள்ளைகுட்டி உண்டா? அதுதான் நான் பெத்த பிள்ளை. உழைச்சவன் உழைப்பைச் சந்தேகப்படுறாளே, இவளுக்கு வெட்கமா இல்லை?"

பலமாகக் கை தட்டினார்கள்.

"அந்தப் பிள்ளையை இத்தனை வருஷமா ஒருத்தரையும் தொடவிடலையே தோழரே. திருட்டுக்கு அப்புறம்தான் திறந்து பார்த்தேன்."

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"திருடன் மட்டும் உங்ககிட்ட கேட்டுட்டா திறந்தான்?"

யாரோ சிரித்துவிட்டு, இருமி மறைத்தார்கள். ரம்பம் செயலாளரின் நிரலைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள்.

"நடுவுல ஒரு குறிப்பு இருக்கு. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது, படிக்கிற மனுஷங்களுக்காக எழுதினது. நீங்களே படிங்க, தோழரே."

செயலாளர் தன் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"'இந்த இடம் சரியாக வராமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். அதற்குள் மகளுக்கு முதல் பல் முளைத்துவிட்டது.'"

படித்துவிட்டுச் செயலாளரைப் பார்த்தார். "மகளா? சொல்லவே இல்லையே!"

"அது... சும்மா ஒரு தமாஷுக்கு..."

"இதே தமாஷ் வெளியில இன்னொருத்தர் நிரல்லயும் இருக்கு," என்றாள் ரம்பம். "உங்களதைவிட மூத்தது. அவர் இந்த ஓட்டையை எப்பவோ அடைச்சுட்டார். பழைய நகலை மாத்திடுங்கன்னு எல்லாக் குழுவுக்கும் எழுதினார். எனக்கும் வந்தது. தேடினேன். அவர் பேர்ல நம்மகிட்ட ஒரு துண்டும் இல்லை. எப்படி இருக்கும்? பேர் இருந்த முதல் வரியைத்தான் நீங்க சுரண்டி எடுத்துட்டீங்களே!"

அவள் செயலாளரின் நேர் எதிரே வந்து நின்றாள்.

"எடுத்தது தப்பில்ல தோழரே. எடுத்துக்கோன்னுதான் வெச்சிருந்தார். பேரை ஏன்யா அழிச்சே?"

செயலாளர் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

"உட்காருங்க சார்," என்றார் நர்ஸ். "பேர் வாசிக்கணும்னு சொன்னீங்கல்ல? வாசிச்சிட்டுப் போகலாம். ஏம்மா, அந்த வரியைக் காட்டு."

ரம்பம் வெளியார் நிரலைத் திறந்து, அதன் முதல் வரியைச் சுவரில் காட்டினாள். நர்ஸ் எழுந்து நின்றார். கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி பேசிப் பழகிய குரலில், அத்தனை பேர் முன்னாலும் வாசித்தார்.

"'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். இந்த வரியை மட்டும் அழிக்க வேண்டாம். எழுதியவர், பல்லழகி அப்பா.'"