நான்காவது பாடம்

திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில், பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஒருவன் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இழுக்கிற திசையில் ஒரு வெள்ளைக் கார், பின்கதவு திறந்தபடி நின்றது.

மோகன்ராஜ் இதை ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து பார்த்தார். தோளில் சால்வை. மடியில் ஏழுமலையான் படம் பதித்த நினைவுப் பரிசு. இரண்டும் அன்று காலை கிடைத்தவை. பக்கத்து மகளிர் கல்லூரியில் முந்நூறு மாணவிகளுக்குத் தற்காப்பு வகுப்பு எடுத்துவிட்டு வருகிறார்.

நகரி முதல் காளஹஸ்தி வரை நாற்பத்திரண்டு கல்லூரிகள் பார்த்தவர். எங்குமே கைதட்டல் குறைந்ததில்லை. இன்றைக்கு நான்காவது பாடத்தைச் சொன்னபோது பிரின்சிபால் அம்மாளே எழுந்து நின்று தட்டினார்.

ஆனால் நிஜத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுப்பதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இறங்க வேண்டும் என்று மனது சொல்லிற்று. நினைவுப் பரிசை எங்கே வைப்பது என்று கை யோசித்தது.

அந்தப் பெண் கையை முறுக்கிப் பார்த்தாள். பிடி விடவில்லை. அப்புறம்தான் கத்தினாள்.

“அண்ணா! வேணாம்ணா! விட்டுடுண்ணா!”

மோகன்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட, அண்ணன் தங்கச்சி!

பிடித்திருந்தவன் ஒரு கணம் விழித்தான், யாரைச் சொல்கிறாள் இவள் என்பதுபோல. பிறகு அவன் முகம் மலர்ந்தது. ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, “அண்ணன்தாண்டி கூப்புடறேன், வா வூட்டுக்கு!” என்றான்.

டீக்கடையிலிருந்து எழுந்து வந்த இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து டீயைக் குடித்தார்கள்.

மோகன்ராஜின் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பொன்னியம்மா உச்சுக் கொட்டினாள். “அண்ணங்காரன் கையவே முறுக்குறா பாரு. காலேஜி பட்சா அப்டித்தான்.”

டிரைவர் கிருஷ்ணப்பா மட்டும் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். “அயுதுக்கினு கீது சார் அந்தப் பொண்ணு. இன்னான்னு கேட்டுக்கினு வரட்டா?”

“நீ உக்காருப்பா. குடும்ப விசயத்துல வெளி ஆளு பூந்தா போலீஸ் கேஸாயிடும். இதெல்லாம் நான் பாக்காததா?”

சால்வை போட்டவர் சொல்கிறார். கிருஷ்ணப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஸ்டாண்டில் இருபது பேர் இருந்தார்கள், மோகன்ராஜுக்கோ நாலு பேரைச் சேர்ந்தாற்போலக் கண்டால் தொண்டை அரிக்கும். தலையை வெளியே நீட்டி, மைக் இல்லாத குறை தெரியாத குரலில் சொன்னார்:

“அண்ணன் சொன்னா கேளும்மா! கூடப் பொறந்தவன் கெடுதலா செய்வான்?”

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். முதலில் சால்வையைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். “சார்...” என்று வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் கத்தவில்லை, திமிறவும் இல்லை. அப்படியே அவரைப் பார்த்தபடி, இழுத்த இழுப்புக்குப் போனாள்.

தன் ஒரு சொல்லுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று மோகன்ராஜுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பொன்னியம்மாவைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். பொறுப்பான பையன்தான், தங்கச்சியைக் கார் வைத்துக்கொண்டு வந்தல்லவா அழைத்துப்போகிறான்.

உள்ளேயிருந்து இன்னொரு கை நீண்டு அவளை இழுத்துக்கொண்டது. கதவு மூடிக்கொண்டது. கார் பைபாஸ் பக்கம் திரும்பி மறைந்தது.

கார் நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில், கையில் கசங்கிய ஒரு மஞ்சள் காகிதம்.

கிருஷ்ணப்பா இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. இறங்கிப் போய்க் காகிதத்தை எடுத்துப் பிரித்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் தெரிந்தது.

“சார், இதுல ஒங்க போட்டோ கீது!”

மோகன்ராஜ் வாங்கிப் பார்த்தார். காலையில் அவரே வரிசை வரிசையாக நடந்து கொடுத்த நோட்டீஸ். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் மூன்றாவது பாடம் வரைக்கும் பேனாவால் டிக் போட்டிருந்தது. நான்காவதின் அடியில் இரண்டு கோடு.

‘பாடம் 4: கையை முறுக்கியும் விடவில்லையா? பயப்படாதீர்கள். அவனை “அண்ணா” என்று கூப்பிடுங்கள். எப்பேர்ப்பட்டவனும் உருகிவிடுவான். தமிழனோ தெலுங்கனோ, நம் ஊரில் இருவருக்கும் செல்லுபடியாகும் ஒரே சொல் இது!’

கிருஷ்ணப்பா ஆட்டோவுக்குள் குனிந்து நின்றான். “இன்னா சார் போட்டுக்கீது? பொண்ணு வூட்டு அட்ரஸா? இப்போ தொரத்துனாக்கூடப் புட்சிடலாம்.”

மோகன்ராஜ் காகிதத்தை நான்காக மடித்தார். சால்வைக்கு அடியில், சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லப்பா, வெளம்பரம். நீ வண்டிய எடு.”