எல்லா இடத்திலும் அந்த முகம்

“அண்ணே, இந்தக் காணவில்லை அறிவிப்பை உடனே எடுத்துடுங்க,” என்றாள் முகக்கவசம் போட்டிருந்த பெண்.

மனைவியைத் தேடி ஒருவர் காலையில் கொடுத்துவிட்டுப் போன அறிவிப்பு அது. விளம்பர அலுவலக ஆபரேட்டர் நிமிர்ந்தார். “இணையதளம், போன், பஸ் நிலையத்துப் பெரிய திரைன்னு எல்லாத்துலயும் ஓடுதும்மா.”

“ஒவ்வொண்ணா எடுக்கணுமா?”

“வேணாம். இங்க ஒரு தடவை அழிச்சா எல்லா இடத்துலயும் போயிடும். நீங்க அவங்க அக்காவா? கிடைச்சுட்டாங்களா?”

“கிடைச்சுட்டா.”

“அப்பாடா! மனுஷன் அப்படி அழுதாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடறேன். அதான் இங்க வழக்கம்.”

ஆபரேட்டர் எண்ணைப் போட்டார். மறுமுனையில் மணி ஒருமுறை அடித்ததுமே அவள் போனைப் பிடுங்கித் துண்டித்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். கணினித் திரையில் அறிவிப்பில் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம். தாடை மட்டும் வீங்கிக் கறுத்திருந்தது.

“சிக்கினா உயிரோட விடமாட்டாருண்ணே. என் மூஞ்சி எல்லா இடத்துலயும் இருக்கு. எப்படி ஊரைத் தாண்டுவேன்?”

போன் திரும்ப அடித்தது. ஆபரேட்டர் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அதை எடுத்தார்.

“கூப்பிட்டீங்களே, கிடைச்சுட்டாளா?”

“இல்லை சார். மெஷின் கோளாறு. உங்க அறிவிப்பு மொத்தமா அழிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க.”