பறிமுதல் பெட்டி

"கழட்டு!"

"மாட்டேன்."

"புள்ள, ஒனக்குத்தான் சொல்ற. வெளங்குதில்லையா? கழட்டு!"

"தாயத்தக் கழட்ட மாட்டேங்க. வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

எடுக்க வேற என்ன இருக்கு? ஜீவராணி பையில கெடந்த ஊசியும் நூல்கண்டும் ஏற்கெனவே பறிமுதல் பெட்டிக்குள்ள போயாச்சு. செருப்பக் கழட்டியாச்சு. கொண்டைய அவுத்துக் காட்டியாச்சு. மடுல்சீமையிலருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வந்து சேர்றதுக்குள்ள ஆறு எடத்துல பஸ்ஸ நிறுத்தி எறக்கி ஏத்தினாங்க. ஆறு எடத்துலயும் அதே அடையாள அட்டை, அதே கேள்வி. 2007ல, நாட்டுல சண்ட நடக்கிறப்ப, தமிழ்ப் பேரு வெச்சுக்கிட்டுப் பயணம் போனா அப்புடித்தான். பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தானே ஆகணும். எல்லாத்தயும் பொறுத்துக்கிட்டா.

ஏழாவதா இந்த மெஷின். அவ உள்ள நொழைஞ்சாலே 'கீங்'னு கத்துது. எதுக்குன்னு பாத்தா, ரவிக்கைக் கைக்குள்ள கட்டியிருந்த பித்தளத் தாயத்து. அதக் கழட்டி, ஒடச்சு, உள்ள பாக்கணுமாம்.

உண்மையச் சொல்லிரணும். அந்தத் தாயத்துக்குள்ள மந்திரத் தகடெல்லாம் கெடையாது. ஒரு துண்டுக் கடதாசி, அதுல ரெண்டு டெலிபோன் நம்பர். ஒண்ணு மடுல்சீமையில அவ வீட்டுக்குச் சேதி சொல்லி விடுற வாஹித் நானா கடையோடது. இன்னொண்ணு, அவ போற அரபு நாட்டுல இருக்கிற நம்ம தூதரகத்தோடது.

போன தடவ வீட்டு வேலைக்குப் போன எடத்துல பாஸ்போர்ட், டயரி எல்லாத்தயும் வாங்கிப் பூட்டி வெச்சுட்டாங்க. மனப்பாடமா வெச்சிருந்த நம்பர்ல பயத்துல ரெண்டு இலக்கம் மாறிப் போச்சு. பத்து மாசம் தேயிலத் தோட்டத்து லயத்துல இருந்த புள்ளைங்களுக்கு அம்மா உசுரோட இருக்காளா இல்லையான்னே தெரியாது. மறுபடியும் அப்புடி ஆகிறக் கூடாதுன்னுதான் இந்தத் தாயத்து. அதப் போய் ஒடைக்கச் சொன்னா? அதுவும் தமிழ்ப் பொம்பள ஒருத்தி நம்பர ஒளிச்சு வெச்சிருக்கான்னு தெரிஞ்சா வேற வெனையே வேணாம்.

சோதன போடுற உத்தியோகத்தி பேரு ஜெஸீமா. சட்டையில குத்தியிருந்த தகடு அப்புடித்தான் சொல்லுச்சு. மூஞ்சியில சிரிப்பு மருந்துக்கும் இல்ல.

பின்னால நின்ன கனகசுந்தரத்துக்குப் பொறுக்கல. பதுளைக் கச்சேரியில, அதான் அரசாங்க ஆபீஸ்ல, முப்பது வருசம் கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனுசன். லண்டன்ல இருக்கிற மகனப் பாக்கப் போறார். அவரோட நகவெட்டியும் அதே பெட்டிக்குள்ளதான்.

"என்ர நகவெட்டியைப் பறிச்சீங்கள். பிளேனுக்குள்ள முள்ளுக்கரண்டி குடுப்பினம், அது பரவாயில்லையாம்! இப்ப இந்தப் பிள்ளையின்ர தாயத்து. கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமோ?"

"ஐயா, நீங்க பேசாம நில்லுங்க." ஜெஸீமா அவர் பக்கம் திரும்பக்கூட இல்ல. "புள்ள, கடைசியாச் சொல்ற. கழட்டு!"

ஜீவராணிக்கு ஆத்திரம் தலைக்கேறிருச்சு.

"ஏங்க, சுண்டுவெரல் அளவு தாயத்துல நான் என்ன குண்டா வெச்சுக் கொண்டுபோறேன்?"

ஐயையோ, அந்தச் சொல்ல மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. தமிழே தெரியாத ஆமிக்காரனுக்கும் அந்த ஒரு சொல்லு தெரியும். ரெண்டு பேரு துவக்கத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. வரிசையில நின்ன சனம் நாலடி பின்னால போயிருச்சு.

ஜெஸீமா அவங்ககிட்ட சிங்களத்துல என்னமோ கத்தினா. ஒரு கையில பறிமுதல் பெட்டியத் தூக்கிக்கிட்டு, மறு கையால ஜீவராணியத் தரதரன்னு இழுத்துக்கிட்டுத் திரைக்குப் பின்னால போனா. வெளியில நின்னவங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

"நில்லு! அசையாத! ஒங்களுக்கெல்லாம் ஒரு தரம் சொன்னா வெளங்காதா?"

நறுக்குன்னு கத்தரிக்கோல் சத்தம். அப்பறம் ஜீவராணி விசும்புற சத்தம்.

பத்து நிமிசம் கழிச்சு வெளியில வந்தா. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. கையில தாயத்து இல்ல, கயிறு இறுக்கின கோடு மட்டும்தான்.

"போ! நிக்காத!" திரைக்குள்ளருந்து மறுபடியும் அதட்டல்.

கனகசுந்தரம் சும்மா விடுற ஆளில்ல. பிளேனுக்குக் காத்திருக்கிற எடத்துல ஒக்காந்து, பேனாவ எடுத்து, ஒரு பக்கம் முழுக்க முறைப்பாடு எழுதினார். ஜெஸீமா பேரு ரெண்டு எடத்துல வந்துச்சு. ரெண்டுக்கும் கீழ கோடு வேற.

"இஞ்ச பாரும் பிள்ளை, இதில ஒரு கையெழுத்து வையும். மேலிடத்துக்கு அனுப்புறன். அவளின்ர வேலை போகவேணும். எங்கட சனத்துக்குக் கேக்க ஆளில்லை எண்டு நினைச்சிட்டாள்!"

ஜீவராணி கடதாசிய வாங்கினா. நாலா மடிச்சா. டர்ருனு கிழிச்சா.

"என்ன பிள்ளை செய்யிறீர்? உமக்காகத்தானே எழுதினன்!"

"சத்தம் போடாதீங்கய்யா." அவ குரலத் தாழ்த்தினா. "தாயத்துக்குள்ள ஊரு நம்பரயும் தூதரக நம்பரயும் எழுதி ஒளிச்சு வெச்சிருந்தேன். அந்தக் கடதாசி இப்ப என் பாவாட மடிப்புக்குள்ள இருக்கு. என்கிட்டப் பறிச்ச ஊசியாலயே அவங்கதான் உள்ள வெச்சுத் தைச்சு விட்டாங்க. வெளியில நின்ன ஆமிக்காரனுக்குக் கேக்கணும்னுதான் அந்தக் கத்துக் கத்தினாங்க."

கனகசுந்தரம் கிழிஞ்ச கடதாசித் துண்டையெல்லாம் பொறுக்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டார்.

"அப்ப தாயத்தை ஏன் பறிச்சவ? அதையும் விட்டிருக்கலாமே?"

"நான் போற நாட்டுல கையில தாயத்தக் கண்டா, சூனியக்காரின்னு ஜெயில்ல போட்டிருவாங்களாம்ய்யா. அவங்க உம்மாவும் தாயத்தக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனாங்களாம். அன்னிக்கு இதே வாசல்ல யாரும் அதக் கழட்டச் சொல்லலையாம். இன்னும் அந்த நாட்டு ஜெயிலுக்குள்ளதான் இருக்காங்களாம்."