முள்கரண்டி சொல்லாமல் விட்டது

கல்யாணப் பந்தியில் வெள்ளைக்கார விருந்தாளியின் பையிலிருந்து இறங்கிய முள்கரண்டிக்கு வாழையிலையைப் பார்த்ததும் இளக்காரம்.

"கழுவித் துடைத்தால் நான் நாளைக்கும் இருப்பேன். நீ?"

இலை கோபிக்கவில்லை. "இருங்க அண்ணே. சாப்பிட்டதும் என்னைத் தன் பக்கமா மடிக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க. எதிர்ப்பக்கம் மடிக்கிறது சாவு வீட்டு வழக்கம். உங்க பேச்சுதான் அவருக்குப் புரியும்."

"எச்சில் இலைக்குத் தூது போகவா நான் வந்தேன்?" என்று முள்கரண்டி வாயை மூடிக்கொண்டது.

பாயசம் வரை ருசித்துச் சாப்பிட்ட மனிதர், பக்கத்திலிருந்தவர்கள் மடிப்பதைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று கவனிக்காமல், சிரித்தபடியே இலையை மடித்தார். எதிர்ப்பக்கமாக. மணப்பெண்ணின் அம்மா எதிரே நின்றிருந்தாள்; அவள் முகம் செத்துப்போயிற்று.

முள்கரண்டி பதறித் திரும்பியது. இலையை அதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள்.

முள்கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார்கள். நாளைக்கும் இருக்க வேண்டுமே என்று அதற்குக் கசந்தது.