நாற்பது அறை மாப்பிள்ளை

"நாற்பது அறை மாளிகைக்கு வாரிசான மாப்பிள்ளைக்கு நாங்கள் என்னத்துக்குச் சீதன வீடு குடுக்கிறது?" என்று யோகராணி சிரித்தாள்.

மகள் தர்ஷனாவைக் கட்டப்போகும் எட்வர்டுக்கு இங்கிலாந்தில் பரம்பரை மாளிகை. கலியாணத்துக்குப் பிறகு குடியிருப்பு அங்கேதானே? தாங்கள் இங்கே பாடுபட்டுக் கட்டிய பென்டில் ஹில் வீடு தப்பியது.

"எண்டாலும் வாயால ஒருக்காக் கேட்டுவைக்க வேணும். அதுதான் மரியாதை," என்றார் கணவர் கதிர்காமநாதன்.

"கேப்பம். வேண்டாமெண்டுதானே சொல்லப்போறார்."

ஞாயிறு விருந்தில் யோகராணி தாராளமாகவே கேட்டாள். "தம்பி, எங்கட வழக்கப்படி பொம்பிளைக்கு வீடு குடுக்கிறது. இந்த வீடு உங்களுக்குத்தான்."

தர்ஷனா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எட்வர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பேசிக்கொண்டே போக, யோகராணி பொறுமையிழந்தாள்.

"என்னவாம் பிள்ளை? கூச்சப்படுறாரோ?"

"இல்லையம்மா. அவற்ற மாளிகையில முக்கால்வாசி அறை மழைக்கு ஒழுகுதாம். ஒழுகாத அறையளைச் சனம் டிக்கெற் எடுத்துப் பார்க்க வருகுதாம். குடும்பமாக் குதிரை லாயத்திலதான் படுக்கினமாம்."

"அதுக்கு?"

"உங்கட வழக்கத்தை மறுக்கிறது அவமரியாதையாம். அடுத்த மாசமே தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்திடுறாராம்."